அண்ணி அறையின் கிழக்குச் சுவர்

புது வீட்டுக்குக் குடிபோன முதல் நாள் காலையில் என் கணவர் செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கி, ஒரே இடத்தில் அரைமணி நேரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பெட்டிகளுக்குள் கெட்டிலைத் தேடிக்கொண்டிருந்த நான் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினேன். அவர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குக் கீழ யாரும் குடியிருக்கல," என்றார். "நேரா மண்ணுதான்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடமாகக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் ஏறி இறங்கியவர். நாங்கள் குடியிருந்ததும் ஒன்பதாவது மாடியில். கல்யாணமான நாள் முதல் எங்கள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் எப்போதும் யாராவது நாற்காலியை இழுத்துக்கொண்டோ குழந்தையை அதட்டிக்கொண்டோ இருப்பார்கள். பால்கனியில் இரண்டு தொட்டிகள் வைத்திருந்தோம். ஒன்றில் கற்றாழை, இன்னொன்றில் துணி மாட்டும் கிளிப்புகள். அவ்வளவுதான் எங்கள் விவசாயம்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். புல் ஈரமாக இருந்தது. வெயில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த அந்த நிமிஷத்தில், அதுவரை கண்ணுக்கே படாத சிலந்தி வலைகள் தோட்டம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. எலுமிச்சை மரத்தில், கொய்யாக் கிளையில், உடைந்த வாளியின் வாயில் என்று எங்கும் பனித்துளி கோர்த்த வலைகள். நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்குள் ரத்த அணுக்களை எண்ணிய கண்கள் இவை. எண்ணி முடியாத ஒன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எங்கள் ஆய்வகம் நகருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறியபோதுதான் இந்த வீடு எங்கள் கண்ணில் பட்டது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய வீடு. வெளிச்சுவர் செங்கல். உள்பக்கம் பலகை அடித்து வெளிர்பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். தோட்டம் என்று சொல்லிக்கொண்டாலும் பாதிக்கு மேல் புதர். கூட வந்தது என் கணவரின் அக்கா. எனக்கு அண்ணி.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபத்தொன்று. ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தெட்டு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். எந்த டாக்டர் பொய் சொல்கிறார், எந்த நர்ஸ் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும். அந்த ஹெட்போன் மிச்சம் வைத்துப் போனது காதில் ஓயாத ஒரு கீச்சொலி. பத்து வருடமாக அதோடு வாழப் பழகியிருந்தார். "எனக்கு மட்டும் ஒரு வண்டு, வாடகை தராமக் குடியிருக்கு," என்பார். கல்யாணமே வேண்டாம் என்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவர். வாய் ஓயாது. டி.வி.யில் செய்தி வாசிப்பவருக்கே பதில் சொல்லுவார். நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருபத்தாறு வருடமா என்று ஆய்வகத்தில் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவர் இல்லாவிட்டால் என் வீடு ஊமையாகிவிடும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது.

அண்ணி கிழக்குப் பக்க அறையை எடுத்துக்கொண்டார். காலை வெயில் வரும் அறை. கட்டிலின் தலைமாட்டைக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். முதல் வாரம் முழுக்க அவர்தான் வீட்டையே நடத்தினார். எந்தப் பெட்டி எங்கே, எந்தத் திரை எந்த ஜன்னலுக்கு என்று அவர் போட்ட உத்தரவுப்படி நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம்.

இரண்டாவது வாரத்தில் அவர் பேச்சு குறைந்தது.

முதலில் அலுப்பு என்று நினைத்தேன். பிறகு சாப்பாடும் குறைந்தது. மதியத்தில் தன் அறைக்குப் போகாமல் ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டார். கேட்டால் அறையில் வெயில் அடிக்கிறது என்றார். மதியத்தில் கிழக்குப் பக்கம் ஏது வெயில்? டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன். அண்ணிக்கு இந்த வீடு பிடிக்கவில்லை, நகரத்தை விட்டு இழுத்துவந்ததற்கு நம்மைத் தண்டிக்கிறார் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். மறுநாள் அவர் அக்காவிடம் போய், வேண்டுமானால் நகரத்திலேயே சின்னதாக ஒரு இடம் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். எனக்கென்னடா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று அண்ணி திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணியின் அறையில் திரைக்கம்பி மாட்ட என் கணவர் டிரில் மெஷினோடு போனார். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஏணியில் இரண்டாவது படியில் கால் வைத்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். தலையைச் சாய்த்தார். அவரோடு வேலை பார்ப்பவர்கள் அவருக்கு 'மோட்டார் காது' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் மெஷின் அறையில் என்ன கோளாறு என்பதைத் தரைத்தளத்தில் நின்றே சொல்லுகிறவர்.

"அக்கா," என்றார். "இந்தச் சத்தம் எத்தன நாளா இருக்கு?"

அண்ணியின் கை துணியிலேயே நின்றது. "எந்தச் சத்தம்?"

"ம்ம்னு ஒண்ணு. மோட்டார் லோடுல ஓடற மாதிரி. சுவர்ப் பக்கம்."

அண்ணி தம்பியையே பார்த்தார். "உனக்கும் கேக்குதாடா?" என்றார். மடித்த சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருடத்தில் அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. என் கணவர் ஏணியில் இருந்தபடியே, டிரில்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். நான் போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வந்த ஐந்தாறு நாளில், பெட்டி இழுக்கிற சத்தமெல்லாம் அடங்கியதும், அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்ததாம். பழைய கீச்சொலியோடு இன்னொன்று. கீழே, ஆழத்தில், நிற்காமல். படுத்தால் கேட்கிறது, உட்கார்ந்தால் கேட்கிறது. தோட்டத்திலும் டி.வி. பக்கத்திலும் வேறு சத்தங்கள் இருப்பதால் அமுங்கிவிடுகிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அவர்கள் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதில் காது முழுக்கப் போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு மாதம் காதுக்குள் ஏதோ உறுமுகிறது என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"அப்பா மாதிரி ஆயிடுவேன்னு நெனச்சேன்," என்றார். "நீங்க ரெண்டு பேரும் பச்சப் புள்ளைங்க மாதிரி தோட்டத்துல நிக்கறீங்க. அதுல போய் நான் எதுக்கு மண்ணள்ளிப் போடணும்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். குரல் கேட்கிறவருக்குத் தெரியாதா.

கணவர் அதற்குள் காரியத்தில் இறங்கிவிட்டார். கோளாறு என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்கு அழுகை, சிரிப்பு எல்லாம் அப்புறம்தான். மின்சாரம் எங்கோ கசிகிறது என்றார். மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஃபிரிட்ஜ் நின்றது, மின்விசிறி நின்றது, சத்தம் நிற்கவில்லை. தனி இணைப்பில் ஓடும் தண்ணீர்ப் பம்பின் ஒயரையும் கழற்றினார். நிற்கவில்லை. கடைசியில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்வது. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இது மோட்டார் இல்ல," என்றார் மெதுவாக. "எத்தனையோ சின்னச் சின்ன மோட்டார். தனித்தனியா."

நான் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. மேலே, கீழே, பக்கத்தில் என்று தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும்தான் அந்தச் சூடு. எனக்கும் என் வழக்கம் விடுமா? ஆய்வகத்துப் பழைய தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துவந்து சுவரில் ஒட்டவைத்தேன். எதிர்ச்சுவரில் இருபத்திரண்டு டிகிரி. இந்தச் சுவரில் முப்பத்தொன்று. பலகைக்கு அந்தப் பக்கம் இன்னும் கூட இருக்கும். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பெட்டியை நாங்கள் எப்படி ஒரே சூட்டில் வைத்திருப்போமோ, அப்படி யாரோ இந்தச் சுவருக்குள் எதையோ வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரும் வெளியே ஓடினோம். கிழக்குச் சுவரில் கூரைவரை கொடி படர்ந்திருந்தது. அதை விலக்கிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். கூரைக்கு ஒரு முழம் கீழே, இரண்டு செங்கற்களுக்கு நடுவே சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு விரல் அகலத்தில் பிளவு. அதன் வாயில் தேனீக்கள். பத்து இருபது இறங்கின, பத்து இருபது கிளம்பின. சாய்ந்த மாலை வெயிலில் பார்த்தபோது, அந்தப் பிளவிலிருந்து வேலிக்கு மேலே, கொய்யாவுக்கு மேலே, எதிர்ப்புற வயல்கள்வரை பொன் நூல் இழுத்துக் கட்டியதுபோல் அவை போகும் வழி தெரிந்தது. இரண்டு வாரமாக அதற்குக் கீழேதான் நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் சிரித்தது அண்ணிதான். கொடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிரவு அவர் தன் கட்டிலிலேயே படுத்துக் காலை எட்டு மணிவரை தூங்கினார்.

எனக்கு மட்டும் பயமாக இருந்தது. தலைமாட்டில் தேன்கூட்டை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் தூங்குவார்கள்? மளிகைக் கடையில் விசாரித்தேன். பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்தது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட நேரம் போக, அவர் தேனீ வளர்க்கிறாராம். இப்படி வீட்டுக்குள் புகுந்தவற்றை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவாராம்.

சனிக்கிழமை காலையில் மஞ்சள் வேன் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அறைக்குள் வந்ததும் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே கீழிருந்து மேலே போனார். சாக்கட்டியால் பலகையில் ஒரு கோடு இழுத்தார். கோடு என் முழங்காலில் ஆரம்பித்து, ஏறி, என் தலையைத் தாண்டி வளைந்து, மறுபக்கம் இறங்கியது.

"இது வரைக்கும் இருக்காங்க," என்றார். தேனீக்களை அவர் மரியாதையோடுதான் சொன்னார். "பல வருஷக் குடும்பம். நாப்பதாயிரம் பேராவது இருப்பாங்க."

நாங்கள் வெறும் மூன்று பேர் என்று அண்ணி முணுமுணுத்தார்.

முகவலைகள் மூன்று கொண்டுவந்திருந்தார். அண்ணியை வெளியே இருக்கச் சொன்னோம். என்னோட ரூமு, நான் எங்கயும் போகல என்று அவரும் ஒன்றை மாட்டிக்கொண்டார். வேன் ஓட்டும் பெண்ணுக்கு முகவலை தேவைப்படவில்லை. ஒரு சின்னத் தகரக் குவளையில் காய்ந்த இலைகளைப் புகையவைத்து, வெளியே ஏணியில் ஏறிப் பிளவின் வாயில் இரண்டு ஊது, உள்ளே வந்து பலகை இடுக்கில் இரண்டு ஊது ஊதினார். பிறகு என் கணவர் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதல் பலகை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது முதலில் வெளியே வந்தது வாசனைதான். வெயிலில் கிடந்த மரம், மெழுகு, பூ, சூடான ரொட்டி எல்லாம் கலந்த ஒரு வாசனை. அதற்குப் பிறகு வெளிச்சம் உள்ளே போனது.

அடுத்து நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. செங்கல்லுக்கும் பலகைக்கும் நடுவே, என்னைவிட உயரமாக, தேனடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே கறுப்பில் தொடங்கி, நடுவில் பழுப்பாகி, கீழே வர வர மஞ்சளாகி, அடிநுனியில் அன்றைக்குக் காலையில்தான் செய்ததுபோல் வெள்ளை. வருடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. அவற்றின்மேல் தேனீக்கள். தேனீக்கள் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஒரு பெரிய மிருகத்தின் மயிர்த்தோல் மூச்சு விடுவதுபோல் அந்தப் பரப்பு முழுதும் அசைந்தது. மேலிருந்து ஒரு சிலிர்ப்பு கிளம்பி, அலைபோலக் கீழே ஓடி, நுனியில் அடங்கியது. மறுபடி ஒன்று. யாரும் எங்கள் மேல் பாயவில்லை. எங்களை அவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

இந்த வேலையைப் பல வருடம் செய்த அந்தப் பெண்ணும் கத்தியை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் கணவர் மெல்லத் தன் பையைத் திறந்து தூக்குக்குண்டை எடுத்தார். நூலின் நுனியில் பித்தளைக் குண்டு. லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்பு ரெயில் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். அடையின் விளிம்புக்குப் பக்கத்தில் நூலைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. நூலும் அடையும் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இறங்கின. ஒரு மயிரிழை விலகவில்லை. அடைக்கும் அடைக்கும் நடுவே விட்டிருந்த சந்தும் எங்கே பார்த்தாலும் ஒரே அளவு.

"ரெயில இப்படி நிக்க வைக்க எங்களுக்கு மூணு நாள் ஆகும்," என்றார். "லேசர் வச்சு. நாலு பேர். அப்பவும் ரெண்டு மில்லி தப்பும்."

"இருட்டுல பண்ணியிருக்காங்க," என்றார் அண்ணி.

அண்ணி கையுறை போடவில்லை. உள்ளங்கையை விரித்து அடைகளுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார், குளிருக்கு அடுப்பில் கை காட்டுவதுபோல. ஒரு தேனீ அவர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கைவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அண்ணி மூச்சு விடவில்லை. பிறகு வேன் ஓட்டும் பெண்ணைக் கேட்டார், எடுத்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று. அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னார். அடைகளை வெட்டித்தான் எடுக்க வேண்டும். குஞ்சுகள் இருக்கும் அறைகளில் கொஞ்சம் நசுங்கும். பழைய அடைகள் பெட்டியின் மரச்சட்டத்தில் நிற்காது. பெரும்பாலும் குடும்பம் பிழைத்துவிடும், ஆனால் இந்த வீட்டை அவர்கள் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

"எனக்காகன்னா எடுக்க வேணாம்," என்றார் அண்ணி. "எனக்கு இவங்க தொந்தரவு இல்ல. இவங்கதான்னு தெரிஞ்சதுக்கப்புறம் நல்லாத் தூங்கறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதே நேரம், என் கண்ணுக்கு நேரே, அடையில் ஒரு சின்ன அறையின் மூடி உள்ளிருந்து அரிபட்டது. முதலில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக இரண்டு மெல்லிய கொம்புகள். பிறகு ஒரு தலை, சாம்பல் நிற ரோமத்தோடு, ஈரமாக. அது முட்டி மோதி, ஒரு காலை வெளியே போட்டு, அடுத்த காலைப் போட்டு, வெளியே வந்து நின்றது. போகிற வருகிறவர்கள் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள். அது ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, திரும்பி, தான் பிறந்த அறைக்குள்ளேயே தலையை விட்டு அதைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது.

கண்ணாடித் துண்டில் சாயம் போட்டு, அசையாமல் காய்ந்த உயிரைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருந்தேன். பலகையை மூடிடுங்க என்று மட்டும் சொன்னேன்.

மூட வேண்டாம், கண்ணாடி போடலாம் என்று யோசனை சொன்னது வேன் ஓட்டும் பெண். கண்ணாடிக்கு மேல் ஒரு மரக்கதவு இருக்க வேண்டும், பார்க்கிற நேரம் தவிர இருட்டாக வைத்திருக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் பழைய பலகைகளையே திரும்ப அடித்துவைத்தோம். என் கணவர் பழைய லிஃப்ட் கதவுகளில் இருந்து கழற்றிப் போட்ட தடித்த கண்ணாடிகளைக் கேட்டு வாங்கிவந்தார். இரண்டு வாரம், வேலை முடிந்து வந்ததும் சட்டம் இழைப்பதே வேலையாக இருந்தார். ஒரு ஈ கூட அறைக்குள் வராதபடி பொருத்தினார். மிச்சம் விட்ட இடுக்குகளை அவர்களே ஒரு வாரத்தில் பிசின் வைத்துப் பூசிவிட்டார்கள். அதைப் பார்த்து, நம்ம வேலையில குத்தம் கண்டுபுடிச்சுட்டாங்க என்று என் கணவர் பெருமையோடு வருத்தப்பட்டார்.

அந்த இடைவெளியில் அண்ணியைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பத்து வருடத்துக்கு முன் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். நானும் அன்றைக்குச் சொல்லிவிட்டேன், அவரைப் பற்றி நான் தப்பாக நினைத்ததையும் பேசியதையும். "தெரியும்," என்றார். "நீ கரண்டிய வைக்கற சத்தத்துலயே தெரிஞ்சுது." பிறகு டிரைவர் ஏன் இவ்வளவு ஹார்ன் அடிக்கிறார் என்ற விஷயத்துக்குப் போய்விட்டார்.

பூக்கும் காலம் வந்தது. பேர் தெரியாத மரங்களெல்லாம் வயல் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தன. காலையில் மரக்கதவைத் திறந்து பார்ப்பது எங்கள் மூவருக்கும் செய்தித்தாள் படிப்பதுபோல ஆகிவிட்டது. கூட்டம் பெருகிக்கொண்டே வந்தது. அடைகள் கண்ணுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் முற்பகல், பத்து மணி இருக்கும். அண்ணி தோட்டத்தில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். சுவருக்குள் சத்தம் திடீரென்று ஏறியது. இரைச்சல் என்றால் மழை வந்து தகரத்தில் இறங்குவதுபோல. வெளியே ஓடிவந்தால், பிளவிலிருந்து தேனீக்கள் பறந்துவரவில்லை, தண்ணீர்போல் வழிந்துகொண்டிருந்தார்கள். ஆயிரம் ஆயிரமாக. வானத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிபட்டன. கொஞ்ச நேரத்தில் தோட்டம் முழுக்க அவர்கள்தான். அண்ணி அதன் நடுவில் நின்றிருந்தார். கீரைத் தட்டு கையில். அவர் ஓடவும் இல்லை, உட்காரவும் இல்லை. முகத்தை மேலே தூக்கி, வாய் லேசாகத் திறந்து, அந்தச் சுழலுக்குள் நின்றுகொண்டே இருந்தார். அவரைச் சுற்றிப் போனார்கள், அவர் மேல் இடிக்கவில்லை.

கால்மணி நேரத்தில் அத்தனை பேரும் எலுமிச்சைக் கிளையில் ஒரு குடம் அளவுக்குக் கொத்தாகத் திரண்டார்கள். மதியத்துக்குள் எழும்பி, ஒரே மேகமாக வேலியைத் தாண்டிப் போய்விட்டார்கள். அண்ணியின் தட்டில் மூன்று தேனீக்கள் மிச்சமிருந்தன. அவர் தட்டைக் கிளைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஒரு கொட்டுகூட இல்லை. "மழைல நின்ன மாதிரி இருந்துது," என்றார். "ஆனா நனையல."

தொலைபேசியில் வேன் ஓட்டும் பெண்ணைக் கேட்டோம். பழைய ராணி பாதிக் குடும்பத்தோடு புது வீடு தேடிப் போயிருக்கிறாள், இந்த வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றார். அண்ணி அதைக் கேட்டு வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். இருந்த வீட்டை வைத்துக்கொள் என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் வெளியேறுவதை அவர் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லையாம்.

சுவர் அடங்கிப் போனது. ஒரு வாரம் மெல்லிய முனகல்தான்.

எட்டாவது நாள் மாலை, அடுப்பில் பாலை வைத்திருந்தேன். அண்ணி தன் அறையிலிருந்து கூப்பிட்டார். சத்தமாக இல்லை. அவர் அப்படி மெதுவாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போனேன். பாதிக் கூட்டம் போனபின் மிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்த வேன் ஓட்டும் பெண்ணும் அங்கே இருந்தார். என் கணவரும் வந்தார். அண்ணி மரக்கதவைத் திறக்காமல், அதில் காதை வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் இடம் காட்டினார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சுவருக்குள், எங்கோ நடுவில், யாரோ ஒரு சின்னஞ்சிறு குழலை ஊதினார்கள். நீளமாக ஒரு ஊது, அதைத் தொடர்ந்து குட்டை குட்டையாக நான்கைந்து. நின்றது. அதற்கு வேறொரு இடத்திலிருந்து பதில் வந்தது. தடித்த, அடைத்த குரலில், வேகவேகமாக. இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று.

"மொதல்ல ஊதறவ பொறந்துட்டா," என்று வேன் ஓட்டும் பெண் கிசுகிசுத்தார். "மத்தவங்க இன்னும் அறைக்குள்ளேயே இருக்காங்க. புது ராணிங்க. ஒம்பது வருஷத்துல நான் ரெண்டு தடவதான் கேட்டிருக்கேன்."

மறுபடி அந்த நீண்ட ஊது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு விரலைத் தூக்கி, இப்போது இடது பக்கம், இப்போது மேலே, இப்போது மூன்றாவது ஆள் என்று எங்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் நான்கு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கன்னத்தைப் பலகையில் வைத்து நின்றோம். பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. போய் அணைக்க எனக்கு மனம் வரவில்லை.